ஸ்பீக்கருக்காக நகர்த்திய கட்டில்

ஐம்பது தாண்டினால் மனிதனுக்குச் சர்க்கரை வரும், முட்டி தேயும். எனக்குக் கூடுதலாக ஸ்டீரியோ ஆசையும் வந்தது. மதுரையிலிருந்து கைப்பெட்டி அளவில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்து, ஹாலில் பரண்மேல் ஏற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஸ்பீக்கர் என்பது அடுத்தவர் காதுக்கானது. காதுகுத்து என்றால் தென்னைமரத்தில் குழாயைக் கட்டிப் பக்கத்து ஊரைப் பார்த்துத் திருப்பிவிடுவோம். எனக்கிருந்த சவுண்டு ஞானம் அவ்வளவுதான்.

பாட்டு, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போலக் கேட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், அது கல்யாண வீடு இல்ல. கீழ இறக்குங்க. சுவத்த விட்டு ரெண்டடி தள்ளி, காது உசரத்துக்கு வைங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அதே தூரத்துல நீங்க உக்காரணும். முக்கோணம் மாதிரி."

ஸ்பீக்கரைக் கீழே இறக்கி, டேப் வைத்து அளந்தேன். நான் உட்கார வேண்டிய இடத்தில் அய்யாவின் கட்டில் கிடந்தது.

அய்யா என்றால் என் அப்பா. ஓடைப்பட்டியில் திராட்சை போட்டவர். பந்தலில் கொடி கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து, மூன்று வருடமாக அவருக்கு ஹாலில்தான் படுக்கை. படுத்தபடியே பார்த்தால் வாசல், வாசலுக்கு அப்பால் தெரு. தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்பார்கள். யார் தோட்டத்தில் காய் வெடித்தது, யார் மருந்தை மாற்றி அடித்தார் என்று சொல்வார்கள். இவர் உள்ளிருந்தே எல்லாரையும் வைவார். எழுந்து நடக்க முடியாத மனிதர் அந்தத் தெருவை வைத்துத்தான் பிழைத்துக் கிடந்தார்.

"ரெண்டு நாளைக்கு உள் ரூம்ல படுத்துக்கங்கய்யா. செட்டைச் சரி பண்ணிட்டு மாத்திருவேன்."

"மாமாவ அங்கன போட்டா யாரு எட்டிப் பாக்கப் போறாக?" என்றாள் என் மனைவி. "அடுப்படியத் தாண்டி ஆம்பளையாளுக வருவாகளா?"

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கம் வெளி ஆண்கள் அடுப்படியைத் தாண்டிக் காலெடுத்து வைப்பதில்லை. தெரிந்தேதான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

"விடு ஆத்தா," என்று மருமகளைத் தேற்றினார் அய்யா. "தொர கச்சேரி வைக்கிறாரு. நாம தள்ளிப் படுப்போம்."

கட்டில் போனதும் சத்தம் முன்னைவிடக் கெட்டது. டைல்ஸ் தரை, வெறும் சுவர். பாடகர் கிணற்றுக்குள் விழுந்து உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. திரை தொங்கவிட்டேன். ஏலக்காய்ச் சாக்கைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். பாட்டு மாறவில்லை, வீடுதான் குடோன் மாதிரி மணத்தது. இரண்டு நாள் என்றது பன்னிரண்டு நாளாயிற்று. மறுபடியும் போன்.

"ரூம்லயிருந்து எதையாவது எடுத்தீங்களா சார்?"

"ஒரு கட்டிலு. இலவம்பஞ்சு மெத்தை போட்டது."

"அதான் சார் எதிரொலிய உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. திரும்பப் போடுங்க. ஓரமாப் போட்டாக்கூடப் போதும்."

நல்ல காரியமும் என் சுயநலமும் ஒரே பஸ்ஸில் ஏறியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அதையும் கெடுத்தேன். 'நீங்க இல்லாம ஹாலு நல்லால்லய்யா' என்று சொல்லியிருக்கலாம். பொய்க்குப் பேர்போன என் வாய் அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னது.

"ஹாலுக்கே வந்துருங்கய்யா. மெத்தை இருந்தாத்தான் பாட்டு தெளிவா கேக்குமாம்."

அய்யா சன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

"ஏலே, அப்ப மெத்தைய மட்டும் எடுத்துட்டுப் போ. நான் எதுக்கு? நான் இருமுனா அதுவேற உன் பாட்டுல சேந்துக்கும்."

"அப்படிச் சொல்லலய்யா."

"சொல்லிட்டடா. தெளிவாத்தான் கேட்டுச்சு."

ஒரு மாதம் கெஞ்சினேன். ஒருநாள் கட்டிலோடு தூக்கிவிடலாம் என்று கை வைத்தேன். சுவரிலிருந்த சன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. கடைசியில் போடிக்குப் போய் அதே கனத்தில் வேறொரு மெத்தை வாங்கி வந்து ஹாலில் போட்டேன்.

இப்போது சத்தம் அருமை. பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. போன வாரம் அய்யாவின் சின்ன வயதுச் சேக்காளி ஒருவர் வந்தார், எனக்கு மாமன் முறை. புது மெத்தையில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டேன்.

"தியேட்டரு தோத்துச்சு மாப்ள," என்றார். காபி குடித்தார். கிளம்பும்போது அடுப்படிப் பக்கமாக முகத்தைத் திருப்பி, "வர்றேன்ப்பா!" என்று சத்தம் கொடுத்தார்.

அங்கேயே நின்று காதைக் கொடுத்துப் பார்த்தார்.

"தூங்குறாக போல," என்றேன்.

அய்யாவுக்குப் பகலில் தூங்குகிற பழக்கம் கிடையாது. அது மாமாவுக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.