மீனுக்கு ஆகாத தண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மீன்தொட்டிக் கடைக்கு இன்று எங்கள் வாடகை அறையின் உரிமையாளர் வந்தார். தொட்டியில் வைக்க இயற்கைப் பாறைதான் வேண்டுமாம்.

அவர் எடுத்த கல்லில் வினிகரைச் சொட்டினேன். நுரைத்தது.

"இது சுண்ணாம்புக்கல் சேட்டா. தண்ணியில கரையும். உங்க மீனுக்கு ஆகாது."

"ஐயோ! அப்போ எது நல்லது?"

"பீங்கான் பாறை. சூளையில சுட்டது, கரையாது. விலைதான் கூட."

"விலை போகட்டும் மோனே. மோசமான தண்ணியில அது எப்படிக் கிடக்கும், பாவம்!"

பாறையைப் பொதிந்து கொடுத்தபடி கேட்டேன்: "சேட்டா, எங்க ரூம் குழாயில ஒரு மாசமா மஞ்சத் தண்ணி வருது. கூட இருக்கிற செல்வத்துக்கு வயித்துப்போக்கு நிக்கல. டேங்கைக் கழுவச் சொன்னோமே?"

அவர் முகம் மாறியது. "எடா, உங்க ஊர்ல இதைவிட மோசமான தண்ணிதானே குடிச்சீங்க? பிடிக்கலேன்னா காலி பண்ணு."

மீனுக்கு வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்றுகிறாராம். அதை வாராவாரம் மாற்ற ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் மாற்ற அவர் வீட்டுக்குப் போகப்போவது நான்தான். யாரிடமாவது இரண்டு காலி கேன் இருக்கிறதா?