சிவப்பு வந்தால் பெரிய ஃபைல்

கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. என் மனைவியின் தோள் உயரம் இருக்கும். தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறவர்கள் உட்கார இடமில்லை, அவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் விடுவேனா? பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேடித் தேடி வாங்கிய சிடிகளை எல்லாம் ஃபிளாக் ஃபைலாக மாற்றி வைத்திருக்கிறேன். அது பெரிய ஃபைல், பாட்டிலிருந்து எதையும் வெட்டாது. எம்பி3 வெட்டிச் சுருக்கியது. அந்த வித்தியாசம் கேட்க இந்த ஸ்பீக்கர் வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"அப்ப கண்டுபிடிச்சுக் காட்டுங்க. பத்துல எட்டு சரியா சொன்னா ஸ்பீக்கர் இருக்கட்டும். இல்லன்னா போயிரணும்லா."

"எட்டு என்ன, பத்தும் சொல்றேன்," என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அடுத்து எந்த ஃபைல் வரும் என்று நான் முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாது. அதற்கு அவள் கண்ட வழி, பூ கட்டிப் பார்ப்பது. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் குலுக்கி ஒன்றை எடுப்போமே, அதேதான். எங்கள் கல்யாணமே அப்படி முடிவானது. பெரியவர்கள் தயங்கி நின்றபோது, கோயிலில் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, "சிவப்பு" என்று சொன்னவள் அவள்தான். சிவப்பு என்றால் சம்மதம்.

"சாமி காரியத்த இதுக்கா இழுக்கிற?"

"ஏன், சாமி பாட்டு கேக்காதா?"

சிவப்பு வந்தால் ஃபிளாக், வெள்ளை வந்தால் எம்பி3. ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம். என் முதுகுக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுத்துப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, தம்புரா மூச்சு விடுறதுகூட கேக்குது, ஃபிளாக்!" என்றேன். "இது தட்டையா இருக்கு, எம்பி3." ஆறாவது முறை சந்தேகம் வந்தது. எட்டாவதில் வேர்த்தது. பத்தாவதில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நாலுதான் சரி.

"உங்க தம்புரா மூச்சு விட்டதெல்லாம் எம்பி3-லதான்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு விட்டுப்போயிற்று. வாக்கு வாக்குதான் என்று எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அவள் சிரிப்பு நின்றது. "இருங்க, இருங்க. கடைசியா சாமியவே கேட்டுருவோம். சிவப்பு வந்தா ஸ்பீக்கர் இருக்கட்டும்." பொட்டலங்களைக் குலுக்கினாள். ஒன்றை எடுத்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் பிரித்தாள்.

"சிவப்பு!"

காகிதத்தைக் கசக்கி மேசையில் போட்டுவிட்டு, "சோபாவ சுவத்தோரமா தள்ளுங்க, இடம் வந்துரும்," என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. வயரை மாட்டிப் பாட்டைப் போட்டேன். எந்த ஃபைல் என்றுகூடப் பார்க்கவில்லை. மேசையைத் துடைக்கும்போது அந்தக் கசங்கிய காகிதம் கைக்கு வந்தது. பிரித்தேன். உள்ளே மல்லிகை, வெள்ளை வெளேரென்று.

அன்றைக்குக் கோயிலிலும் பொட்டலத்துக்குள் பார்த்தது அவள் ஒருத்திதான் என்பது இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு உறைத்தது.