பல்லுக்கு அடியில் பல்

சாப்பிடும்போதும் எலும்பக்கா நடந்துகொண்டேதான் இருப்பார். கையில் தட்டு, கண் மட்டும் எதிரே சாப்பிடுகிறவரின் வாயில். கடைவாயில் அரைக்கிறாரா, முன்பல்லால் பிய்க்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தன் அடுத்த கவளம் உள்ளே போகும். வீட்டுக்கு வந்த சம்பந்தி அம்மாளிடம் ஒருநாள், "உங்க தாடை இடது பக்கமா இழுக்குதே, கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டு வைத்தார். அந்த அம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

என்ன செய்வது, தொழில் அப்படி. பூனையும் நாயும் உலகில் தலைகாட்டும் முன்பே இறைச்சி தின்று திரிந்த மிருகங்களின் மண்டை ஓடுகளைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்கிறவர். ஊசி முனையால் கொஞ்சம் சுரண்டுவார், எழுந்து ஜன்னல்வரை போவார், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சுரண்டுவார். கேட்டால், "ஒரே இடத்துல உட்கார்ந்தா எனக்கு மூளை ஓடாது" என்பார். கணவர் பல் டாக்டர். "நான் பார்க்கிற வாயெல்லாம் கத்துது, இவ பார்க்கிறது ஒண்ணும் கத்துறதில்லை. கொடுத்து வெச்சவ!" என்று அவருக்கு ஓர் அங்கலாய்ப்பு.

அக்காவின் உயிர் ஒரு சின்ன மண்டை ஓட்டில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதே பாறையில் கிடைத்த பெரிய மண்டை ஓட்டின் உச்சியில் எலும்பு வரப்புபோல் எழும்பி நிற்கும். தாடைத் தசை அதைப் பிடித்துக்கொண்டுதான் வலுவாகக் கடிக்கும். சின்னதின் உச்சியோ வழவழவென்றிருந்தது. கண்குழி பெரிது, மூக்கு குட்டை.

"பெரியவன் பகல்ல பெரிய மிருகமாப் பார்த்து அடிக்கிறான். இவன் இருட்டுல பல்லியும் பூச்சியும் தேடுறான். ஒரே காடு, சண்டையே இல்லை பாருங்க!" என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்வார். புது இனம் என்று கட்டுரையும் எழுதிவிட்டார். அடுத்தவர் கண்டுபிடித்ததை விளக்கியே ஓய்வு பெறும் வயசு வந்துவிட்டது. தான் பெயர் வைத்த மிருகம் ஒன்றாவது உலகத்தில் இருக்க வேண்டாமா?

"கடைவாய்ப் பல்லோட வேர் தெரியற மாதிரி ஒரு எக்ஸ்ரே மட்டும் அனுப்புங்க மேடம், அச்சுக்குப் போயிடலாம்" என்றார் ஆய்வுப் பத்திரிகை ஆசிரியர். ஆய்வுக்கூடத்துக் கருவி பழுதாகிக் கிடந்தது. அக்காவுக்குப் பொறுக்குமா? மண்டை ஓட்டை டப்பாவில் வைத்துக்கொண்டு கணவரின் கிளினிக்குக்கு ஓடினார்.

படம் திரையில் வந்தது. இறைச்சி அறுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு அடியில், எலும்புக்குள், இன்னொரு பல் முளைக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது. மேலே இருப்பது பால்பல். பெரிய கண், குட்டை மூக்கு, வழவழத்த உச்சி... எந்தக் குட்டிக்குத்தான் அப்படி இல்லை? புது இனமாவது ஒன்றாவது, இது அந்தப் பெரியதின் குட்டி.

கணவருக்கும் புரிந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை, பாவம். "கல்லோட நிழலா இருக்கும்மா. படத்துல வேருக்குக் கீழே இருக்கிறதை வெட்டிட்டு அனுப்பினா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க." அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. "ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறேன், ஒரு பால்பல் தெரியலையே எனக்கு!"

மூக்கைச் சிந்திவிட்டு ஆசிரியரைப் போனில் கூப்பிட்டார். "சார், கட்டுரையை நிறுத்திடுங்க. புது இனம் இல்லை. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்." அவர் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்க அக்காவுக்குத் தெம்பில்லை, வைத்துவிட்டார்.

"இன்னொரு படம் எடுங்க. உள்ளே இருக்கிற பல் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்த்தா எத்தனை மாசம்னு சொல்லிடலாம்."

"வெளியே ஆளுங்க உட்கார்ந்திருக்காங்களேம்மா."

"அவங்க முடியட்டும். நான் இருக்கேன்."

வெளியே கன்னம் வீங்கிய பிள்ளைகள் அம்மாக்களின் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தன. பெயர் பதிகிற பெண், "படத்துக்குக் கம்ப்யூட்டர் வயசு கேட்குது மேடம், என்ன போட?" என்றாள்.

"குழந்தைன்னு போடும்மா" என்றார் அக்கா. டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் குறுகிய அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கத் தொடங்கினார். அவருடைய வலது கை, தானாகவே, அதை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.