வில்மா அக்காவின் இடப்பக்கத் திருப்பம்

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும்; இடப்பக்கம் திரும்பினால் எதிர்த் தடங்களைக் கடக்க வேண்டும். எங்கள் பிட்ஸ்பர்க்கில் பச்சை விழுந்ததும், இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் வண்டிக்கு எதிரே நிற்பவர் வழிவிடுவார். சட்டமல்ல, ஊர் வழக்கம். பள்ளிப் பேருந்து ஓட்டும் என் அக்கா வில்மா இருபது வருடமாக அப்படித்தான் திரும்பினாள்.

அன்று அவள் காரில் நானும் இருந்தேன். எதிரே நின்ற லாரிக்காரர் கைகாட்டினார், அக்கா திருப்பினாள். லாரிக்கு அடுத்த தடத்தில் நிற்காமல் வந்த வெள்ளைக் கார் என் பக்கக் கதவைப் பிளந்தது. என் தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வெள்ளைக் காரிலிருந்து நெற்றி கிழிந்து இறங்கியவன் அக்காவின் முடியைப் பிடித்து வெளியே இழுத்தான். "கண்ணு அவிஞ்சு போச்சாடி?"

அக்கா அவன் மூக்கை உடைத்தாள். "வெளியூர்ப் பயலே, முதல் வண்டிக்கு வழிவிடத் தெரியாதா?"

ஓடிவந்த போலீஸ்காரர் இருவரையும் பிரித்துவிட்டார். "லாரிக்காரர் அவரு தடத்தைத்தாம்மா விட்டாரு. அடுத்த தடத்தைத் திரும்புற நீங்கதான் பாக்கணும். தப்பு உங்க மேலதான்."

விபத்து தன் தப்பென்று பதிவானால் பேருந்து ஓட்டும் வேலை போய்விடுமென்று அக்காவுக்குத் தெரியும். "அவன் சிவப்புல வந்தான் சார்! நீ சொல்லுடி!"

"பச்சைதான் சார்," என்றேன்.

அக்கா என்னை அறைந்தாள். மறுவாரம் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை.