நான்கு குவளை காப்பி

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு நின்றதால் என் எழுத்து இரண்டு வரிக்கு மேல் ஓடாது. நான் சொல்கிறேன், மூத்த மகனின் மகள் எழுதுகிறாள்.

நேற்று இவள்தான் ஒரு பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டி, "ஈப்போ வெள்ளைக் காப்பி, பாட்டி" என்று நீட்டினாள். மார்ஜரின் போட்டு வறுத்த வாசனை. அது வந்தால் எனக்கு ஒரு சீன அம்மாள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். ஈப்போவில் பட்டறை வேலைக்குப் போன மூத்தவன், ஒரு சீனப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றான். நான் அழவில்லை.

"அவங்கம்மா வரட்டும். என் காப்பியில ஒரு வாய் மிச்சம் வச்சாலும் இந்தப் பேச்சே கிடையாது" என்றேன். வேறு சட்டம் எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் வந்தார். மகன் வடை வாங்கப் போயிருந்தான். தோட்டத்துக் காப்பி தெரியுமல்லவா, டின் பாலும் சீனியுமாகக் கரண்டி நிற்கும். ஊற்றினேன். இரண்டு விரலால் மேசையை டொக் டொக்கென்று தட்டினார். இன்னும் ஊற்றச் சொல்கிறார் போல என்று விளிம்புவரை நிரப்பினேன். குடித்தார். மறுபடி ஊற்றினேன். மறுபடி டொக் டொக்.

"என்ன இது, காப்பிக்கு இந்த அலை அலையுது?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"கேக்குதில்ல, ஊத்துலா" என்றார் அவர்.

நான்காவது குவளையில் அந்த அம்மாளுக்கு வியர்த்துவிட்டது. மகன் வடையோடு ஓடி வந்தான்.

"அம்மா, போதும்லா! அது ஊத்தச் சொல்றதில்ல. ஊத்துனா அவங்க ஆளுங்க அப்படித்தான் நன்றி சொல்வாங்க. வீட்டுல பாலே தொடமாட்டாங்க, வயித்துக்கு ஒத்துக்காது."

"அப்ப எதுக்குக் குடிச்சாங்களாம்?"

"மிச்சம் வச்சா கல்யாணம் இல்லன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

அந்த அம்மாள் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். "ஹாபிஸ், அக்கா" என்றார். மலாயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் ஈப்போவில் அவர் வீட்டில் எனக்குக் கறுப்புக் காப்பி. பாலில்லை, சீனியில்லை, கஷாயமேதான். மிச்சம் வைக்காமல் குடித்தேன். மேசையையும் தட்டினேன். மரியாதை எனக்கும் தெரியும்.

அந்த அம்மாள் போய் மூன்று வருடமாகிறது. தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. யாருக்குக் காப்பி ஊற்றினாலும் போனைப் பார்த்தபடியே குடிக்கிறார்கள். விரலெல்லாம் அங்கே வேலையாக இருக்கிறது.

ஏம்மா நிறுத்திட்ட? உன் சீனப் பாட்டி நாலு குவளை குடிச்சது நெசந்தான். மொதல்ல இருந்து வாசி, கேக்குறேன்.