காட்டுக் கஷ்கொட்டையை வெட்டிய ஒனோரினா

ஒனோரினாவின் பேரைச் சொன்னால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். அவள் கையால் வாங்காதவன் இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். சந்தையில் தெரியாமல் அவள் கூடையை மிதித்துவிட்டேன். 'தெரியாம...' என்று ஆரம்பிப்பதற்குள் விழுந்தது பாருங்கள், காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது.

அவளுடைய அண்ணன் மாக்னோ அவளுக்கும் ஒருபடி மேல். அப்பன் செத்த அன்றைக்கே, சவப்பெட்டியை முற்றத்தில் வைத்துக்கொண்டு, மலைச்சரிவைப் பிரிப்பதில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். விலக்கிவிடப் போன பாதிரியார் மூக்கு உடைந்து திரும்பினார். கடைசியில் வேலிக்கு மேலே தங்கைக்கு, கீழே அண்ணனுக்கு என்று முடிந்தது. இரண்டு பேரும் கல்யாணம் கட்டவில்லை. யார் கட்டுவார்கள் இந்த ராட்சசங்களை?

அப்புறம்தான் குளவி வந்தது. கொசு அளவுகூட இருக்காது. கஷ்கொட்டை மரத்து மொட்டுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வசந்தத்தில் இலை வர வேண்டிய இடத்தில் சிவப்பாகக் கழலை வரும், காய் நின்றுபோகும். எங்கள் பிழைப்பே அந்தக் கொட்டைதான். சுட்டுத் தின்போம், பாலில் வேகவைப்போம், புகைபோட்டு உலர்த்தி மாவாக்குவோம், மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்புவோம். அத்தனையிலும் மண் விழுந்தது.

ஊர் தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, ஒனோரினா மட்டும் என் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். "பத்திஸ்தா அண்ணே, நாத்துப் பண்ணைக்கு ஓட்டு."

பண்ணைக்காரர் ஒரு கன்றைக் காட்டினார். "இது ஹைபிரிட். நம்ம மரத்துக்கும் ஜப்பான் மரத்துக்கும் பொறந்தது. காய் பெருசா வரும். குளவி முட்டை வெச்சாலும் புழு மொட்டுக்குள்ளயே செத்துப்போகும்."

"செத்துப்போகுமா?"

"செத்துப்போகும்."

"கொல்ற மரம்னா எனக்கு அதுதான் வேணும். வண்டி நெறைய ஏத்து."

"ஒண்ணு மட்டும் கவனிங்கம்மா. இந்தப் பூவுல மகரந்தம் கெடையாது. பக்கத்துல வேற சாதி கஷ்கொட்டை ஒண்ணாவது..."

"எங்க மலைக்கு வந்து பாருய்யா! கஷ்கொட்டைக்கா பஞ்சம்?"

அன்றைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அடுத்த சில வருஷத்தில் ஊரே கோடாலியைத் தூக்கியது. காய்க்காத மரம் தோல் பதனிடும் ஆலைக்கும் அடுப்புக்கும் போனது. ஒனோரினாவும் அப்பன் வளர்த்த மரங்களை ஒன்று விடாமல் அறுத்துத் தள்ளினாள். மலை மொட்டையானது.

அந்த ஹைபிரிட்டை அவள் வளர்த்த விதம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட அப்படி வளர்க்க மாட்டார்கள். தண்ணீர் நின்றால் வேர் கறுத்துச் சாகும் என்று மண்ணை மேடுகட்டி நட்டாள். வெயில் பட்டையைப் பிளக்காமலிருக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினாள். இது முந்திக்கொண்டு துளிர்க்கிற சாதி. பின்பனி விழுந்தால் கருகிவிடும். பனி வருகிற மாதிரி தெரிந்தால் ஈர வைக்கோலைக் கொளுத்தி மலையெல்லாம் புகைபோடுவாள். ஒரு கலைமான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிட்டது. மண்வெட்டியால் அதை அடித்தே கொன்றாள். தலையை வேலிக்கம்பத்தில் மாட்டி, "மத்ததெல்லாம் பாத்துக்கட்டும்" என்றாள். நாற்றம் ஊர் முழுக்க வீசியது. யார் போய்க் கேட்பது?

மரம் காய்த்தது. சிரித்த முள்காய்க்குள் பளபளவென்று, கோழிமுட்டைக்குக் கொஞ்சம் சின்னதாகக் கொட்டை. தேவாலயத்துக்குக்கூட அவள் ஒரு கூடையோடு வந்தாள். அவ்வளவு பூரிப்பு!

அவள் கண்ணில் உறுத்தியது ஒன்றே ஒன்று. வேலியை ஒட்டி மாக்னோ பக்கத்தில் ஒரு காட்டுக் கஷ்கொட்டை நின்றது. ஒட்டுப் போடாமல் தானாக முளைத்தது. காய் சுண்டைக்காய் அளவு, உடம்பெல்லாம் கழலை. மலையில் மிச்சமிருந்த கடைசிப் பழைய மரம் அது. "குளவிக்குச் சத்திரம் கட்டி வெச்சிருக்கான் பாரு" என்று அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவாள். "என் மரம், என் இஷ்டம், போடி" என்று அவன் அந்தப் பக்கமிருந்து கத்துவான்.

பனி உருகுகிற காலத்தில் மாக்னோவின் ஆடுகள் வேலியை முட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டன. அவளுடைய நல்ல மரம் ஒன்றின் பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்றுவிட்டன. இனி அது பிழைக்காது. துப்பாக்கியை எடுத்து ஒரு கிடாயைச் சுட்டாள். மாக்னோ தடியோடு ஓடிவந்து அவள் மண்டையில் போட்டான். சத்தம் கேட்டு நான் ஓடினேன். முகமெல்லாம் ரத்தம் வழிய அவள் மரம் அறுக்கும் மெஷினைக் கிளப்பிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

"என் மரத்துக்கு உன் மரம்டா!"

"தொட்டுப் பாருடி, தொட்டுப் பாரு!" என்று அவன் அடிமரத்தைக் கட்டிக்கொண்டான். நிறுத்துவாள் என்று நினைத்தான். நானும் நினைத்தேன். அவன் வலது கையில் இரண்டு விரல் போயின. நான் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினேன். அப்போதும் அந்தப் பாதகத்தி திரும்பிப் பார்க்கவில்லை. மரம் சாய்ந்த பிறகுதான் மெஷினை அணைத்தாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது மாக்னோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நானே அறுத்துக்கிட்டேன்."

கோடையில் ஹைபிரிட் நன்றாகவே பூத்தது, முள்காயும் வைத்தது. அக்டோபரில் காய் விழ, ஒனோரினா பிரித்தாள். உள்ளே சப்பட்டைத் தோல் மட்டும்தான், பருப்பே இல்லை. அடுத்ததைப் பிரித்தாள், அதுவும் அப்படியே. வெறுங்கையால் பிரித்துப் பிரித்து முள் ஏறி விரலெல்லாம் ரத்தம். என்னை இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார் அந்த மனிதர். "பக்கத்துல இருந்த வேற சாதி மரத்த யாராச்சும் வெட்டினாங்களா?"

ஒனோரினா தலை குனிந்தாள். அவள் தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன். மலையில் அவளுக்குப் புருஷன், பிள்ளை, சோறு எல்லாமே அந்த மரங்கள்தான்.

"புதுசா ஒண்ண நட்டா மகரந்தம் தர வருஷக்கணக்காகும். வேற மரத்துக் குச்சிய உங்க மரத்துலயே ஒட்டுப்போட்டா சீக்கிரம் பூக்கும்."

வேற்று மரத்துக் குச்சிக்கு எங்கே போவது? பக்கத்துப் பள்ளத்தாக்கில் கேட்கலாம்தான். அங்கேயும் அவளிடம் அடி வாங்காதவன் இல்லை. மாக்னோ பக்கத்து அடிக்கட்டையோ அந்தக் கோடையிலேயே துளிர்விட்டு, ஆள் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றது.

குளிர் முடிந்து, மொட்டு விழிப்பதற்கு முன்னால், ஏணியையும் ஒட்டுமெழுகையும் என் தலையில் கட்டி இறங்கினாள். "கேக்கப் போறியா?" என்றேன். "வெட்டப் போறேன்" என்றாள்.

அடிக்கட்டை பக்கத்தில் மாக்னோ அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான்.

"வருவேன்னு தெரியும்டி. திருடவா வந்த?"

"ஆமா."

"கேட்டா வாய் கோணிப் போகுமா?"

அவன் தன் மூன்று விரல் கையை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "குச்சி வேணும்னா கைய வை. கட்டை மேல வை."

"மாக்னோ, பைத்தியமாடா உனக்கு!" என்று நான் கத்தினேன். ஏணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "நீ சும்மா இரு அண்ணே" என்று என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, வலது கையைக் கட்டைமேல் வைத்தாள்.

மாக்னோ அதைப் பார்த்தான். "இடது கைய வை. ஒட்டுப் போட வலது கை வேணும்."

கையை மாற்றி வைத்தாள். கண்ணை மூடவில்லை. அரிவாள் இறங்கியது. அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, நல்ல தடித்த குச்சிகள் அடியோடு சாய்ந்தன.

அவள் கை அங்கேயே இருந்தது.

"எடுடி கைய" என்றான்.

அவள் எடுக்கவில்லை.

"எடுடி! கைய எடுடி!" என்று மலையே அதிரக் கத்தினான். அரிவாளைத் தூர எறிந்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அறுபது வயசுக் கடா, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.