ரோலாவில் மீன்குழம்பு கிடைக்கும் இடம்

இந்த ஊரில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஷார்ஜாவுக்குப் புதிதாக வந்து இறங்கும் குடும்பங்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி அது. முருங்கைக்காய் எங்கே, இட்லி அரிசி எங்கே, நம்ம ஊர் ருசியில் மீன்குழம்பு எங்கே. பதினோரு வருஷமாக இங்கே ரோலா பகுதியில் குடியிருக்கிறேன். எந்த கிராசரிக்கு எந்தக் கிழமை கறிவேப்பிலை வரும் என்பது வரைக்கும் தெரியும். சொல்ல மாட்டேன். காலும் போனும் இருக்கிறது, தேடிக்கொள்ளட்டும்.

முன்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. யார் கேட்டாலும் முதல் பதில் என்னுடையதாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரே முட்டுக்கட்டை குரூப் அட்மின். சென்னைக்கார அம்மாள், துபாயில் பெரிய ஃபிளாட், இந்த நாட்டையே தான்தான் கட்டியது போலப் பேச்சு. ரோலா என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

போன நவம்பரில் புதிதாக வந்த ஒரு பெண், ரோலாவில் வீடு பார்த்திருக்கிறோம், பக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்று குரூப்பில் கேட்டாள். நான் அப்போது குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அட்மின் முந்திக்கொண்டாள்.

"ரோலாவா? அது பேச்சிலர்ஸ் ஏரியாம்மா. எக்ஸ்சேஞ்ச், பஸ் ஸ்டாண்டு, கூட்டம், அவ்ளோதான். ஃபேமிலிங்க யாரும் அங்க சாப்பிட மாட்டாங்க. வீக்கெண்ட் துபாய் வந்துடுங்க."

கீழே ஒரு சிரிக்கிற பொம்மை வேறு. அதற்கு இருபது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் இங்கே என்ன மண்ணையா தின்றுகொண்டிருக்கிறேன்?

என் கையில் ஒரு பதில் இருந்தது. எதிர் பில்டிங்கில் நாலாவது மாடியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். முன்பு கிளினிக்கில் நர்ஸ். அந்த வேலை போன பிறகு வீட்டிலேயே மெஸ் போல சமைத்துக் கொடுத்தாள். புருஷனுக்கு புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை, அங்கேயே கேம்ப்பில் தங்கல், வாரக் கடைசியில் வருவார். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பெண் பரீட்சையை முடிக்கும் வரைக்கும் இங்கே வீடு நடக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சமையல். அதை என்னிடம் அவளே சொல்லியிருக்கிறாள். நாங்கள் வஞ்சிரம் என்பதை அவள் சீலா என்பாள். அவள் வைக்கிற சீலா மீன் குழம்பைப் போல இந்தப் பாலைவனத்தில் வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை.

வீட்டில் சமைத்து விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். அவளிடம் இல்லை. இங்கே இப்படிச் சமைக்கிற பாதிப் பேரிடம் இல்லை. அதனால் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மெஸ்ஸை வாயால் சொல்லலாம், அதுவும் தெரிந்தவர்களுக்கு மட்டும். எங்கேயும் எழுதக்கூடாது. அவளிடம் சாப்பிட்ட பேச்சிலர்கள் ரூமுக்கு ஒருத்தராக வந்து, டிபன் கேரியரை லேப்டாப் பையில் வைத்து மூடி எடுத்துப் போவார்கள். லிஃப்டில் பேச மாட்டார்கள். ரெண்டு வருஷம் அப்படி நடந்தது. வாட்ச்மேனுக்குக் கூட வாசனை தவிர வேறொன்றும் தெரியாது.

நான் எழுதினேன். முந்தின வாரம் எடுத்து வைத்திருந்த குழம்பு போட்டோ, பில்டிங், மாடி, ஃபிளாட் நம்பர், அவள் போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டு, "எங்க ரோலாவுக்கு வந்து இதைச் சாப்பிட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்று முடித்தேன். ஐந்து நிமிஷத்தில் நாற்பது கட்டைவிரல். அட்மின் வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கிய ருசியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அறிவிருக்கா? நம்பரோட போட்டிருக்கே?" என்று கத்தினார். உடனே அழித்தேன். அழித்து என்ன, அது அதற்குள் பத்து குரூப்புக்குப் போயிருந்தது. நல்ல வேளை, போனதிலெல்லாம் என் பேர் இல்லை. ஆமாம், நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க அந்த பில்டிங் வாசலில் கார்கள். துபாயிலிருந்து, அஜ்மானிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வாட்ச்மேனிடமே போய், "பாய், இங்க ஃபிஷ் கறி எந்த ஃபுளோர்?" என்று கேட்டார்கள். பேச்சிலர்கள் ரெண்டு வருஷம் கட்டிக்காத்ததை ஃபேமிலிகள் ஒரே வாரத்தில் போட்டு உடைத்தன. யாரோ புகார் கொடுத்தார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் கடைசியில் பில்டிங் ஆபீஸிலிருந்து வாட்ச்மேன் அவளுக்குச் சேதி கொண்டுவந்தான். "கலாஸ், பாபி. காலி கரோ." எல்லாம் முடிந்தது, வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று.

நான் போனபோது பெரிய சட்டிகளை அட்டைப்பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எவளோ போன்ல போட்டுட்டா. நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? எவளா இருந்தாலும் சரி, மாதா பாத்துக்கிடுவா."

"அந்த அட்மின் வேலையாத்தான் இருக்கும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை.

சமையல் நின்ற பிறகு இன்னொரு வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது, அவள் ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஆண்கள் கேம்ப்பில் மகளை வைக்க முடியாது. பரீட்சைக்கு ரெண்டே மாசம். "பிள்ளைய எங்க விடுதது யக்கா? இவ்ளோ படிச்சிட்டு எழுதாம போனா அவ மனசு உட்டுப் போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மகன் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்ததிலிருந்து அவன் கட்டில் சும்மா கிடந்தது. "என் வீட்ல இருக்கட்டும்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அவளுக்கு நன்றி, எனக்குப் பயம்.

அந்தப் பெண் ஜனவரியில் வந்தாள். மெலிந்த பிள்ளை, எப்போதும் காதில் இயர்போன். நான் போடுவதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், "தேங்க்யூ ஆன்ட்டி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மீன் மார்க்கெட்டுக்குப் போய் சீலா வாங்கி வந்து அவள் அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் குழம்பு வைத்தேன். அதையும் சாப்பிட்டாள், தேங்க்யூ சொன்னாள். விடிகாலையில் எழுந்து டீ போட்டேன். பரீட்சை நாட்களில் ஸ்கூல் வாசலில் வெயிலில் நின்றேன். என் சொந்த மகனுக்கு இத்தனை செய்ததில்லை. நாள் போகப் போக எனக்குத் தைரியம் வந்தது. செய்த தப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். சில நாள், அட்மின்தான் போட்டாள் என்று நானே நம்பிவிட்டேன்.

மார்ச் கடைசியில் பரீட்சை முடிந்தது. மறுநாள் காலை அவள் அப்பா புஜைராவிலிருந்து கூட்டிப்போக வந்து கீழே வண்டியில் இருந்தார். சாயங்காலம் ஊருக்கு ஃபிளைட். அவளோடு லிஃப்ட் வரைக்கும் போனேன். பட்டனை அமுக்கிவிட்டு, எனக்கு வேண்டியதை நானே கேட்டு வாங்குகிற புத்தியில், "ஆன்ட்டி நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு அம்மாகிட்ட சொல்லு, என்ன?" என்றேன்.

இயர்போனைக் கழற்றினாள்.

"என் ஃபிரெண்டோட மம்மி அந்த குரூப்ல இருக்காங்க, ஆன்ட்டி. நீங்க டெலீட் பண்றதுக்கு முன்னாடியே அவ எனக்குக் காட்டிட்டா. மேல உங்க பேரு, உங்க டிபி எல்லாம் இருந்துச்சு."

இவள் என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து இதைத் தெரிந்துகொண்டுதான் என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தேங்க்யூவும் தெரிந்துகொண்டு சொன்னது.

"அம்மாகிட்ட..." என்றேன்.

"சொல்லல. சொல்லியிருந்தா என்னை உங்க வீட்ல விட்டிருக்க மாட்டாங்க. எனக்கு எக்ஸாம் எழுதணும்ல."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. பெட்டியை அவளே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எழுதி முடிச்சாச்சு, ஆன்ட்டி" என்றாள்.